மகோகனிக்குப் புளியங்கால்

786
கள்ளக்குறிச்சி
27-9-87

அன்புள்ள ஜப்பார் மாமாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், தங்கள் மருமகன் சுஐபின் மீசையில் நாலாவது முடி முளைத்துவிட்டது. "மீசைய வுடு, மேசை இன்னாச்சு?" என்கிறீர்கள், அதானே?

சேலத்துத் துரை பங்களாவில் நீங்கள் வாங்கிய இங்கிலீஷ் மேசையோடு லாரியில் வந்தேனா, எலவனாசூர்கோட்டையில் மறியல். இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டுப் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு வாரம் அங்கேயே. மேசையையும் குறுக்கே போட நாலு பேர் வந்தார்கள். விட்டேனா? மேசைமேல் ஏறி முழங்கினேன்: "இது ரெண்டு கப்பல் ஏறி வந்த மகா கனி மரம்!" கூட்டமே கைதட்டியது.

ரோடு திறந்ததும் லாரியை உங்களிடம் அனுப்பிவிட்டு வீடு திரும்பினேன். மேசை பத்திரமாக வந்தால் பரீட்சை முடிந்ததும் உங்கள் பழைய மரச்சாமான் கடையில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னீர்களே, என் இட ஒதுக்கீட்டை மறக்காதீர்கள்.

உங்கள் வீர மருமகன்
சுஐப்

சென்னை
20-10-87

அன்பு மருமகனுக்கு,

மகா கனி இல்லடா, மகோகனி. பழத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மூன்று வாரம் ஜம்மென்று நின்ற மேசை இப்போது ஆடுகிறது. கவிழ்த்துப் பார்த்தேன். மூன்று கால் மகோகனி. நாலாவது, பச்சைப் புளி! காய்ந்து சுருங்கித் துளையில் லொடலொடக்கிறது. செதுக்கல் மட்டும் அச்சு அசல், என் கண்ணையே ஏமாற்றிவிட்டது. திட்டமாட்டேன். அந்தக் கை யாருடையது?

அப்துல் ஜப்பார்

கள்ளக்குறிச்சி
26-10-87

அன்புள்ள மாமாவுக்கு, ஸலாம்.

அம்மாசி அண்ணனுடையது. மறியலுக்கு மரம் வெட்டியவரும் அவர்தான். கிடந்த மரத்திலேயே ஒரு துண்டெடுத்து, கலப்பை செய்யும் உளியால் மூன்று நாள் செதுக்கி, செம்மண்ணும் எண்ணெயும் தேய்த்து நிறமேற்றினார். "பச்ச மரம் தம்பி, ஒரு மாசத்துல சுருங்கிப்பூடும். மாமாகிட்ட சொல்லிடு, காஞ்ச கட்டைல வேற போட்டுத் தரேன்" என்றார். நான் சொல்லவில்லை.

மறியலில் கூலி வேலையும் இல்லை. அவர் மனைவி குஞ்சம்மாள் அக்கா, "தொரைக்கு இன்னும் இன்னா வேணும்?" என்று கிண்டல் செய்துகொண்டே தினமும் எனக்குக் கூழ் ஊற்றினார். "நீ குடி, நாங்க குடிச்சாச்சு" என்பார். கடைசி நாள்தான் சட்டியை எட்டிப் பார்த்தேன். எனக்கு ஊற்றியதோடு காலி.

கடையில் என் இடத்தை அம்மாசி அண்ணனுக்கு ஒதுக்குங்கள் மாமா. ஒருத்தரும் மேசையைத் தொட வரவில்லை. வேடிக்கை பார்த்தவர்கள் முன்னால் நானாகத்தான் மேலே ஏறி, "பெரியோர்களே!" என்றேன். அடுத்த வார்த்தையை மேசை சொல்லிவிட்டது: "மடக்!"

சுஐப்

பி.கு.: மீசையிலும் மூன்றுதான் அசல்.