துண்டிலிருந்து மணல் விழாத நாள்

மச்சான்,

இன்று காலை கொள்ளிடக் கரையில் வண்டியைத் துடைத்துவிட்டு உன் பச்சைத் துண்டை உதறினேன். மணல் விழவில்லை. இன்னொரு தடவை உதறிப் பார்த்தேன். இல்லை. ஆடி மாதத்திலிருந்து மேல்காற்று ஆற்று மணலை வாரி வாரி என் காதில் கொட்டிக்கொண்டிருந்தது. இன்று கிழக்கேயிருந்து ஈரமாக வருகிறது. நீ காத்துக் கிடந்தாயே, அந்தக் கொண்டல்.

பேனா பிடித்து வெகுநாளாயிற்று. நீயும் என்னைப் போல அஞ்சாங்கிளாஸ்தான், பிழை கண்டுபிடிக்க மாட்டாய்.

நண்டு ஏற்ற என் குட்டியானை வண்டியோடு முத்துப்பேட்டைக் காயலுக்கு முதன்முதலாக வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? உன் கரையில் தண்ணீரே இல்லை. சேற்றில் உன் படகு ஒருக்களித்துப் படுத்திருந்தது.

"தண்ணிய யாருங்க குடிச்சா?" என்றேன்.

"காத்து தள்ளிட்டுப் போயிருச்சு மாப்ளே. இடுப்பளவுத் தண்ணிதானே. மேகாத்து ஒரு வாரம் விடாம அடிச்சா எல்லாம் கிழக்குக் கரையில போய் நின்னுக்கும்."

"எப்பத் திருப்பிக் குடுக்கும்?"

"கொண்டல் வரட்டும். கொண்டுபோன காத்துதான் கொண்டாரணும்."

பார்த்த அன்றே மாப்ளே என்றாய். சேற்றில் குச்சியால் கோடு போட்டு, ஆறு கடலில் சேரும் வாயை வரைந்தாய். அங்கே அலையைக் கிளப்பி மணல் குவித்து அடைப்பதும் காற்றுதான், மழையைக் கூட்டிவந்து வெள்ளத்தால் அதை உடைப்பதும் காற்றுதான் என்றாய். "அதுக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்டேன். "உன் வாய அடைக்கத்தான் அதால முடியல" என்றாய்.

நான் விடுவேனா? "ஸ்ரீரங்கத்துல நான் குளிச்ச தண்ணியிலதான் உன் இறால் வளருது" என்றேன். "அதான் இப்பல்லாம் ருசியே இல்ல" என்றாய்.

மூன்று வருடத்துக்கு முன் ஆவணியில், எங்கள் ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்திலிருக்கும் புத்தூர் ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்தோம். தினமும் லோடு இறக்கிவிட்டு வருவேன். உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாய். "காத்து எப்படி?" என்பாய். நான் தலையைச் சாய்த்து, காதைத் தட்டி, உன் போர்வையில் மணலைக் கொட்டுவேன். நர்சம்மா திட்டுவார். நீ சிரிப்பாய்.

"கொண்டல் திரும்பினதும் உன் குட்டியானையில என்னைய ஊருக்குக் கொண்டு போயிரு. அப்ப நம்ம கரையில தண்ணி நிக்கும். படகுல ஒரு தடவ உக்காந்துட்டாப் போதும்."

சரி என்று கையில் அடித்துக் கொடுத்தேன்.

ஐப்பசியில் ஒரு நாள் காற்று திரும்பியது. அதைச் சொல்ல ஓடி வந்தால், வாசலிலேயே உன் வீட்டுக்காரி நின்றாள். அவ்வளவு தூரப் பயணத்தை உடம்பு தாங்காது என்று டாக்டர் சொன்னாராம். "சொல்லிடாதீங்கண்ணே, கிளம்பிடுவாரு" என்றாள்.

உள்ளே வந்தேன். "காத்து எப்படி?"

"மேகாத்துதான் மச்சான். அப்படியேதான் அடிக்குது."

நீ என்னைக் குனியச் சொன்னாய். இந்தத் துண்டின் முனையால் என் காதைத் துடைத்தாய். துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். பிறகு அதை என் தோளில் போட்டாய்.

"நீ பொய் சொல்லும்போது மட்டுந்தான் சிரிக்க மாட்டே மாப்ளே. நீயே வச்சுக்க இத."

அப்புறம் காற்றைப் பற்றி நீ கேட்கவே இல்லை. மூன்றாம் நாள் போய்விட்டாய். ஆம்புலன்ஸ் முன்னே போக, நான் காலி வண்டியோடு பின்னால் வந்தேன். உன் கரையில் தண்ணீர் தளும்பி நின்றது. படகு கயிற்றை இழுத்து இழுத்து ஆடிக்கொண்டிருந்தது.

அன்று உன்னைக் கூட்டிப்போயிருந்தால் வழியிலேயே போயிருப்பாயோ, படகில் ஏறியிருப்பாயோ, தெரியவில்லை. யோசித்து யோசித்து அலுத்துவிட்டது. இப்போதும் நாலு பேரைக் கிண்டல் செய்துகொண்டுதான் வண்டி ஓட்டுகிறேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

இன்று சுற்றுவழி என்றாலும் புத்தூர் வழியாகவே வந்தேன். உன் ஜன்னலுக்கு நேராக வண்டியை நிறுத்தி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்விட்டுச் சொன்னேன்: "கொண்டல் வந்துருச்சு மச்சான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன், நீ நம்ப வேண்டுமே.