என் ஸ்பீக்கரை ஊளையிடச் சொல்லும் கச்சேரி

அனுப்புநர்
உரிமையாளர்,
'கணீர்' சவுண்ட் சர்வீஸ்,
சைக்கிள் கடை மாடி,
பேருந்து நிலையத்தின் பின்புறம்.

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: வரும் சனிக்கிழமை நகராட்சி அரங்கில் நடைபெறவுள்ள 'பரிசோதனை முறை புரோகிரசிவ் ராக்' இசை நிகழ்ச்சியின் பின்னால் என் மைத்துனரின் கை இருப்பதாகச் சந்தேகிப்பது – விசாரிக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இருக்கிற வேலையில் இது வேறா என்று கோபிக்காமல் இம்மனுவை முழுவதும் படிக்க வேண்டுகிறேன். நான் மைக் செட் வாடகைக்கு விடுபவன். சென்ற ஆண்டு தாங்கள் உரையாற்றிய கூட்டத்தில், தங்கள் இருமல்கூடக் கடைசி வரிசைக்குத் தெளிவாகக் கேட்டது நினைவிருக்கலாம். அது என் செட்.

1. அரங்கின் ஒலி அமைப்பை ஓராண்டுக்குப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தத்தை அடுத்த மாதம் தாங்கள் ஒருவருக்கு வழங்கவிருக்கிறீர்கள். விண்ணப்பித்திருப்பவர்கள் இருவர். ஒருவன் நான். மற்றவர் 'இடிமுழக்கம் சவுண்ட்ஸ்' உரிமையாளர். என் மனைவியின் தம்பி. வயர் சுருட்டுவதைக்கூட என்னிடம்தான் கற்றார். அவருக்குச் சத்தத்தைக் கூட்டுவதில் ஆசை, எனக்குக் குறைப்பதில். ஆறு ஆண்டுகளுக்கு முன் தனிக்கடை போட்டார். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

2. சனிக்கிழமை வாசிக்கப்போவது மூன்று குழுக்கள். அவற்றுள் ஒன்றின் பெயர் 'எண்கோணப் பூனை'. பெயரைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. என் மைத்துனரிடம் புது ஸ்பீக்கர் பெட்டிகளும் வண்ண விளக்குகளும் இருக்க, இந்தப் பூனைக் குழுவினர் அவர் கடை வாசலைத் தாண்டி, என் மாடிப்படி ஏறி வந்தது ஏன் என்பதே என் முதல் சந்தேகம்.

3. அவர்கள் கேட்டவற்றைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவருகிறேன். கிதாரை ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் பிடித்து ஊளையிட வைக்க வேண்டுமாம். ஊளை வராமல் பார்த்துக்கொள்வதுதான் ஐயா எங்கள் தொழிலின் அரிச்சுவடி. அடுத்து, ஒரே துண்டு இசையைத் தேய்ந்த இசைத்தட்டு போலத் திரும்பத் திரும்ப வாசிப்பார்களாம். அதற்கும் மேலே, பாட்டின் நடுவில் நெடுநேரம் ஒருவரும் எதையும் தொடமாட்டார்களாம். அந்த அமைதிதான் பாட்டின் உச்சமாம்.

ஓர் அரங்கில் சத்தம் நின்றுபோனால் என்ன நடக்கும் என்பது மேடையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஒருவரும் மேடையைப் பார்க்கமாட்டார்கள். அத்தனை தலைகளும் பின்னால் திரும்பி மைக் செட்காரனைத்தான் பார்க்கும். அந்தப் பார்வையை நான் வாங்கியிருக்கிறேன். அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியாது.

4. நிகழ்ச்சிக்குச் சிறப்பு விருந்தினர் தாங்கள். ஒப்பந்தம் தருபவரும் தாங்களே. தங்கள் கண்ணெதிரே என் செட் ஊளையிட்டு, தேய்ந்து, செத்துப்போனால் ஒப்பந்தம் யாருக்குப் போகும் என்று சொல்லவும் வேண்டுமா? அந்த மேடையில் என் பெயர்ப்பலகையையும் நானே கட்டிவிட்டு நிற்பது, சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வதன்றி வேறென்ன?

5. யார் அனுப்பியது என்று கேட்டேன். பேஸ் கிதார் வாசிக்கும் பெண், பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவர், ஒளிக்காமல் சொன்னார்: "இடிமுழக்கம் அண்ணன்தான் அனுப்பினாரு. 'என்கிட்ட இருக்கறது வெறும் சத்தம். காது வேணும்னா எங்க அத்தான்கிட்ட போங்க'ன்னாரு."

நேரில் ஒரு நாளும் என்னைப் புகழாதவர் ஐயா அவர். என் சந்தேகம் இரட்டிப்பாயிற்று. இதை வீட்டில் சொன்னபோது என் மனைவி, "நல்லது சொன்னாலும் உங்களுக்கு அதுல ஒரு உள்குத்து தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தட்டை வைத்த சத்தத்திற்கு எந்தச் செட்டும் தேவைப்பட்டிருக்காது. அக்காவும் தம்பியும் ஒன்றுதானே என்ற கோணத்தையும் தாங்கள் பரிசீலிக்கலாம்.

6. நேற்று மாலை ஒத்திகை. நேர்மையாக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஊளை கன்னாபின்னாவென்று வந்தது. காதில் கம்பி விட்டது மாதிரி. பொறுக்கமுடியாமல் நானே மேடையேறிப் பெட்டியைச் சற்றுத் திருப்பினேன். பிறகு அரங்கின் பின்னால் ஓடி வந்து, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரில் கீச்சொலியைக் குறைத்தேன். ஊளை அடங்கி, ஒரே சுருதியில் நின்றது. யாரோ ரொம்பத் தூரத்திலிருந்து கூப்பிடுவது மாதிரி இருந்தது. டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் பெண், "இதுதான்ணே, இதைத்தான் தேடிக்கிட்டிருந்தோம்" என்றார். தேவைக்கு மேல் சற்று நேரம் அதை நிற்கவிட்டேன் என்பதையும் மறைக்கவில்லை. இதை என் புகாருக்கு எதிரான சான்றாகத் தாங்கள் எடுத்துக்கொள்ளக்கூடாது.

7. ஆகவே, ஊளையும் அமைதியும் வேண்டுமென்றே செய்யப்படுபவை, செட் நல்ல நிலையில் உள்ளது என்று நிகழ்ச்சிக்கு முன் மேடையில் அறிவிக்க ஆணையிட வேண்டுகிறேன். அமைதியின்போது முன்வரிசையில் தாங்கள் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் மற்றவர்களும் திரும்பமாட்டார்கள்.

என் மைத்துனரையும் அழைத்து விசாரிக்க வேண்டும். அவர் சொன்னது சூழ்ச்சி என்றால் நிகழ்ச்சியையே ரத்து செய்யுங்கள். மனதாரத்தான் சொன்னார் என்றால், சனிக்கிழமை நான்கு மணிக்கு அரங்கிற்கு வரும்படி அவருக்கு உத்தரவிடுங்கள். மேடையில் பெட்டியைத் திருப்ப ஓர் ஆள், பின்னால் மிக்ஸரில் ஓர் ஆள் வேண்டும்; என்னால் இரண்டு இடத்திலும் நிற்க முடியவில்லை. வேறு யாரிடமும் அந்தப் பெட்டியைக் கொடுக்க எனக்கு மனமும் இல்லை. நான் கூப்பிட்டால் வருவாரோ மாட்டாரோ; எனக்குக் கூப்பிட வாயும் வரவில்லை. ஆணையர் உத்தரவு என்றால் வந்துதானே ஆகவேண்டும்.

இடம்: நகராட்சி அரங்கின் பின்வாசல்
நாள்: திங்கட்கிழமை

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
'கணீர்' சவுண்ட் சர்வீஸ் உரிமையாளர்