தாவூது நபிக்குச் சொல்லாத சலாம்

2009 மே 28, வியாழன். எருசலேம்.

நல்ல வெயில். நாளை இங்கே யூதர்களுக்குப் பெருநாள். தாவீது ராசா இறந்த நாளும் அதுதானாம். பெருநாளில் வாகனம் ஏறமாட்டார்கள், ஆகவே நான் பராமரிக்கும் கிழவியை இன்றே அவர் கல்லறைக்குக் கூட்டிப்போனேன். பஸ்ஸால் இறங்கியதும் ஏற்றம். சக்கர நாற்காலியைத் தள்ளித் தள்ளி முதுகு முறிந்தது. சம்பளம் வாங்குகிறேன், தள்ளத்தானே வேண்டும்.

ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். பெரிய கல், மேலே வெல்வெட் துணி. பெண்கள் அதில் நெற்றியை வைத்து அழுகிறார்கள். எங்கள் அம்மன் கோயிலில் அழுவதைப் போலத்தான்.

காத்தான்குடி மர்ழியா ராத்தா போனில் கெஞ்சியிருந்தார். "உங்கட கிழவி கும்பிடப் போற ராசா எங்கட தாவூது நபிதான் கா. சுனாமியில போன என்ட மகன்ட உடம்பும் கிடைக்கல்ல, அடக்கின கபுறும் இல்ல. அங்க நிண்டு சலாம் சொல்லி, ரிஸ்வானெண்டு அவன்ட பேரையும் சொல்லிடு."

சுனாமி முகாமில் ஒரே கூடாரத்தில் கிடந்தவர்கள் நாங்கள். நான் பக்கத்து ஊர் ஆரையம்பதிச் சைவம். ஆனாலும் சலாமைப் பாடமாக்கிக்கொண்டு போனேன்.

"அஸ்ஸ…" வாய் திறந்ததும் பக்கத்துப் பெண் திரும்பினாள். யாருக்காக வேண்டுகிறாய் என்றாள். அரபுச் சொல் காதில் விழுந்திருந்தால்? வேலை போனால்? "என் எசமானிக்கு" என்றேன். கிழவிக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். சீ.

மே 30, சனி

ராத்தாவின் போன்.

"சொன்னியா கா?"

"ஓம் ராத்தா."

இது மட்டும் எவ்வளவு சுலபமாக வந்தது!

வாங்க: அம்மாவுக்கு முழங்கால் தைலம், சாக்லேட், சூட்கேஸ். ஊரில் சண்டை முடிந்துவிட்டது, போய்வர லீவும் கிடைத்துவிட்டது.

ஜூன் 12, வெள்ளி. ஆரையம்பதி.

புழுக்கம். வாவிப் பக்கமிருந்தும் காற்றில்லை. மத்தியானம் மர்ழியா ராத்தா மூடிய சட்டியோடு ஓட்டோவில் வந்து இறங்கினார். மகனுக்காகச் சலாம் சேர்ந்ததென்று கந்தூரிச் சாப்பாடு கொடுத்தாராம். நெய்ச்சோறு, ஆட்டிறைச்சி. அம்மா ஓடிப்போய் இரண்டு கையாலும் வாங்கினார். சண்டைக் காலத்தில், முகாமைத் தவிர, காத்தான்குடியும் எங்கள் ஊரும் முகம் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த முதல் சோறு.

நான் ஒரு பிடி தின்றுவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"தின்னு கா. பயணக் களைப்பா?"

சொல்லிவிடுவோம் என்று வாயெடுத்தேன். "ராத்தா, அங்க…"

"நீ சொன்ன நாள்ல இருந்துதான் நான் நித்திர கொள்றன்" என்றார். "வெள்ளிக்கு வெள்ளி கடற்கரையில போய் நிப்பன், ஒருவேள வருவானெண்டு. இனிப் போகமாட்டன் கா. அவன் நபியிட்டப் போய்ச் சேந்திட்டான்."

அம்மா கண்ணைத் துடைத்தார். நான் இன்னொரு பிடி சோறு அள்ளி வாயில் வைத்தேன். வெட்கம் கெட்டவள்.

ஜூன் 19, வெள்ளி

காலையில் தூறல். அம்மாவின் புறுபுறுப்பு: "சந்தைக்கெண்டு போனவள் வெறுங்கையோட வாறாள்."

போனது காத்தான்குடிக் கடற்கரைக்கு. ராத்தா வரவில்லை. முன்பு அவர் காட்டிய தென்னையடியில் நான் நின்றேன். சலாம் சொன்னேன். ரிஸ்வான் என்று சத்தமாகவே சொன்னேன். பயப்பட அங்கே ஒருவரும் இல்லை.

அடுத்த வெள்ளியும் நான்தான் போகவேண்டும்.