ஜீப்பிலேயே போகட்டும் அம்மா

தம்பிக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். அம்மாவைப் புனித மலைக்குக் கூட்டிப்போக நான் ஜீப் பேசி, வழியில் இரண்டு ஊர்களில் தங்க அறையும் பார்த்துவைத்தேன். நீ ஒரே போனில் ஹெலிகாப்டர் பிடித்துவிட்டாய். "அண்ணே, நீ உருட்டிக்கிட்டுப் போறதுக்குள்ள சாமியே கீழ இறங்கி வந்துரும்" என்றாய். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

மாடிப்படி ஏறினாலே அவளுக்கு மூச்சு வாங்குகிறது. தங்கித் தங்கிப் போனால்தான் உடம்பு உயரத்துக்குப் பழகும், ஒரேயடியாக மேலே கொண்டுபோய் இறக்கினால் உயிருக்கே ஆபத்து என்கிறார் டாக்டர். அதை அம்மாவிடம் சொன்னதற்கு, "உனக்கு எப்பவும் தம்பி மேல வயித்தெரிச்சல்டா" என்றாள்.

வயிற்றெரிச்சலாகவே இருக்கட்டும். ஜீப் உன் யோசனை என்றே அவளிடம் சொல். நீ சொன்னால் கேட்பாள், நான் சொன்னால் வீம்புக்காவது ஹெலிகாப்டரில் ஏறுவாள். என் பெயர் இதில் எங்கும் வேண்டாம். கையெழுத்துப் போடாமலேயே தபாலில் சேர்க்கிறேன்.