கழற்றச் சொல்லுங்கப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

நடுக்கடலில் உங்கள் போனுக்குச் சிக்னல் இல்லை. அதனால் ஐஸ் ஏற்றிவரும் சித்தப்பா படகில் இதை அனுப்புகிறேன். வராத மீனுக்கு வலை விரித்தது போதும், முதலில் படியுங்கள்.

அம்மாவுக்கு முகம் ஒரு பக்கம் கோணிவிட்டது. வலது கை மரத்துவிட்டது. சி.டி. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. கோளாறு மூளையிலா, மூளைக்கு வெளியே ஓடும் நரம்பிலா என்பது எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியுமாம். அந்த மிஷின் ராட்சசக் காந்தம், உடம்பில் உலோகமே கூடாது. தாலியில் தொங்கிய ஊக்குக் கடையை அம்மா காலி செய்துவிட்டாள். தாலியை மட்டும் தொடவிடவில்லை.

“மஞ்சக் கயிறு கட்டிக்கங்கம்மா” என்று நர்ஸ் கெஞ்சினார்.

“அவரு கடல்ல இருக்கையில கழட்ட மாட்டேன்.”

கடைசியில் என் வித்தையைக் காட்டினேன். வராண்டாவில் நின்று, யாருடைய போனிலோ அம்மாவை அழைத்து, உங்கள் குரலில் பேசினேன்: “தாமரை, கழட்டிடு.”

“எடுபட்ட பயலே! ஒங்கப்பா என்னைக்குடா என்னைப் பேர் சொல்லிக் கூப்புட்டாரு?” என்று சிரித்தாள்.

பாதி முகம்தான் சிரித்தது அப்பா.

நேரம் கடத்தினால் ஆபத்து என்கிறார் டாக்டர். சிக்னல் கிடைக்கும் தூரத்துக்காவது வந்து, “ஏ புள்ள, கழட்டு” என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் குரல் வாய்த்தும் உதவாத மகன்