பழனிக்கு இரண்டு சார்ஜ்

14, வியாழன்

மண்டையைப் பிளக்கும் வெயில். கார் கழுவியாயிற்று. ஞாயிறு பழனியில் தங்கை செல்வியின் மகனுக்கு மொட்டை, காதுகுத்து. தாய்மாமன் நான். என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். ஒன்பதரை முதல் பத்தரைக்குள். செல்வியின் மூத்த பெண்ணுக்குக் குத்தியபோது பஸ் வழியில் நின்று நான் போய்ச் சேரவில்லை. ஒன்றுவிட்ட அண்ணன் மடி கொடுத்தான். செல்வி ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. மல்லிகாவோடும்தான். என் பெண்டாட்டி என்ற ஒரே குற்றம்.

மாப்பிள்ளை போனில்: "பேட்டரி வண்டிய நம்பியா வரீங்க மச்சான்? பேசாம ரயிலப் புடிங்க."

மல்லிகா திட்டம் போட்டுவிட்டாள். பெரம்பலூர் – பழனி 215 கி.மீ. முழு சார்ஜில் 220 ஓடும். நூலிழை. அதனால் திருச்சியில் ஒரு நிறுத்தம். போன் ஆப்பில் சார்ஜருக்குப் பச்சை காட்டினால் எனக்குப் போதும். அவளுக்குப் போதாது. சார்ஜருக்குப் பக்கத்தில் என்ன கடை என்று தேடி, அந்தக் கடைக்கே போன் போட்டாள். "அண்ணே, பெரம்பலூர்லேர்ந்து பேசுறேன். உங்க பக்கத்துல இருக்க சார்ஜர்ல லைட்டு எரியுதா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்." அவரும் பார்த்துச் சொன்னார்! எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் இந்த மூளை வராது.

15, வெள்ளி

அம்மா இன்றுதான் எண்ணிப் பார்த்தது. நான், மல்லிகா, அம்மா. "மூணு பேரா நல்ல காரியத்துக்குப் போவக் கூடாதுடா!" யாருக்கும் தோன்றவில்லை. 'கல்லு ஒண்ண எடுத்து வச்சுக்கலாம், அரியலூர்ப் பக்கம் கல்லுக்கா பஞ்சம்' என்றேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நாலாவது ஆள்: அரியலூர் சின்னம்மா. முதல் நாளே வரச் சொன்னால், "மாட்ட யாரு கறப்பா? விடிகாலைல கறந்துட்டுத் தயாரா நிக்கிறேன், வந்து ஏத்திக்கங்க" என்கிறது. ஆக, அரியலூர் சுற்றி 255 கி.மீ. திட்டம் கந்தல். நான் கத்தினேன். மல்லிகா திட்டத் தாளை விரித்தாள். ரப்பர் எடுத்து அழித்தாள். திண்டுக்கல் சேர்த்தாள். அங்கே ஒரு டீக்கடைக்குப் போன்.

16, சனி

புழுக்கம். எடுத்து வைக்க: வேட்டி, சேலை, பழத்தட்டு, தோடு (மறக்காதே), அம்மா மாத்திரை. மாப்பிள்ளை மறுபடி போன்: "லேட்டானா சொல்லிடுங்க, வேற ஆள உக்கார வச்சுக்கிறோம்."

17, ஞாயிறு. பழனி

நாலு மணிக்குக் கிளம்பினோம். மல்லிகாதான் ஓட்டினாள். சின்னம்மாவோடு ஒரு மூட்டை முந்திரியும் ஏறியது. சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து திருச்சி. சார்ஜரில் வேறொரு வண்டி; காத்திருந்து மாட்டி, நேரமில்லை என்று பாதியில் பிடுங்கிக்கொண்டு திண்டுக்கல்.

டீக்கடை அண்ணன் எங்களுக்காக சார்ஜர் முன்னால் பெஞ்சைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார். "போன்ல பேசுனது நீங்கதானா? வாங்க வாங்க." மாட்டிப் பத்து நிமிஷம்தான். கரண்ட் போயிற்று. 28 சதவீதம். இன்னும் அறுபது கி.மீ. மணி 8:50.

நானாக இருந்தால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பேன். அவள் மனக்கணக்குப் போட்டாள். "ஏசி வேணாம். அம்பதுக்கு மேல போவ மாட்டேன். ஏறுங்க." வேர்வையில் அம்மா புலம்பியது. பின்னால் வந்த பஸ்ஸெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டியது. அவள் அசரவில்லை. என்ன நெஞ்சழுத்தம்!

அடிவாரம் 10:12. மூன்று சதவீதம். "நீங்க ஓடுங்க. நான் எங்கயாச்சும் பிளக்கு தேடுறேன். வண்டி இங்க நின்னுட்டா எப்புடி ஊரு போயி சேர்றது?"

ஓடினேன். ஒன்றுவிட்ட அண்ணன் ஏற்கெனவே மணையில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டான். பயல் என் மடியில் வீறிட்டான். என் கண்ணும் நனைந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை. குத்தி முடித்தபோது 10:24.

செல்வி சுற்றிப் பார்த்தாள். "அண்ணி எங்கண்ணே?" சொன்னேன். சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு இருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நடந்தாள். நான் பின்னாலேயே. இரண்டு தெரு தள்ளி ஒரு லாட்ஜ் வாசல். ஜன்னல் வழியாகக் காருக்கு ஒயர். மல்லிகா படியில் உட்கார்ந்து, திரும்பும் வழிக்கு யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தாள்: "அண்ணே, லைட்டு எரியுதா..."

செல்வி அந்தப் போனை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, பிள்ளையை அவள் மடியில் உட்கார வைத்தாள்.