பலகையில் வில்லை இல்லாத நால்வர்

அனுப்புநர்:
எவெலின் ஆயாவிரி,
நூலகப் பொறுப்பாளர்,
வில்யா கோல்கே, பொலிவியா.

பெறுநர்:
சுரங்கப் பாதுகாப்புத் தலைமை அதிகாரி அவர்கள்,
மாவட்டத் தலைமையிடம்.

பொருள்: சாந்தா ரூஃபினா வெள்ளீயச் சுரங்கத்தில் நிறுத்தப்பட்ட மீட்புப் பணியையும் காற்று இயந்திரத்தையும் இன்றே மீண்டும் தொடங்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற வெள்ளி பிற்பகல் சுரங்கத்தின் மூன்றாம் மட்டம் இடிந்தது. நேற்றுக் காலை ஐந்து பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். அதற்கு நன்றி. உள்ளே இறங்குகிறவர்கள் வாயிற்பலகையில் மாட்டிச் செல்லும் பித்தளை வில்லைகளும் ஐந்துதான் என்பதால், பணி முடிந்ததாகத் தளப் பொறியாளர் அறிவித்துவிட்டார். முடியவில்லை. என் அண்ணன் ரெய்னால்தோ உட்பட நால்வர் இன்னும் உள்ளே இருக்கிறார்கள்.

2. அது ஆகஸ்ட் மாதத்தின் முதல் வெள்ளி. சுரங்கத்துக்குள் கொம்போடு சிலையாக அமர்ந்திருக்கும், நாங்கள் மாமா என்றழைக்கும் சுரங்கத் தெய்வத்துக்குக் கோக்கா இலையும் சிகரெட்டும் சாராயமும் படைக்கும் நாள். விடுமுறையில் இருந்த நால்வரும் அதற்காகவே போனார்கள். படையலுக்குப் போகிறவர்கள் வில்லை மாட்டுவதில்லை. அன்று காலை நான் நினைவூட்டியபோது, "மாமா வீட்டு விருந்துக்குப் போறவன் பேர் குடுத்துட்டா போவான்?" என்று அண்ணன் சிரித்தார். தவறுதான். எங்கள் ஊர் முழுவதும் தலைமுறைகளாகச் செய்துவரும் தவறு. அதற்கு மரணம் தண்டனை என்று எந்தச் சட்டத்திலும் நான் படித்ததில்லை.

3. இரண்டாவது சரிவுக்கு அப்பாலிருந்து தட்டும் ஓசை கேட்டதாக, மீண்டு வந்த செவெரோ ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடியே சொன்னார். காற்றில்லாமல் மூளை குழம்பிவிட்டது என்று சொல்லி அவருக்கு ஊசி போட்டுத் தூங்க வைத்தார்கள். நான் பொறியாளரிடம் போனேன். "ஏம்மா, பலகையில இல்லாத ஆளை நான் எங்க போய்த் தேடுறது? எவ வீட்லயாவது குடிச்சிட்டுக் கிடப்பான்" என்றார். அவர் கையில் ஆட்டுக்கறித் தட்டு இருந்தது. பின்னால் ஐவர் மீண்டதைக் கொண்டாடும் பேண்டு வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது. வெட்கங்கெட்ட விருந்து அது. இந்தச் சொல் மனுவுக்கு உகந்ததல்ல என்று தெரியும். வேறு சொல் கிடைக்கவில்லை.

4. நேற்று மாலை, பெண் நுழைந்தால் தாது ஒளிந்துகொள்ளும் என்று காவலாளி எங்களைத் தடுத்தார். ஒளியட்டும் என்று சொல்லிவிட்டு, உள்ளே இருப்பவர்களின் மனைவியர் மூவரும் நானும் நுழைந்தோம். காற்றுக் குழாயில் ஸ்பேனரால் இரண்டு முறை தட்டினேன். இரண்டு தட்டல் திரும்பி வந்தது. ஏழு தட்டினேன்; ஏழு வந்தது. கசியும் நீர் ஏழு வரை எண்ணாது, ஐயா. பிறகு நான் தட்டாமலே நான்கு தட்டல்கள் கேட்டன. சற்று இடைவெளி விட்டு, மறுபடி நான்கு.

5. அந்தக் குழாய்க்குக் காற்றுத் தரும் இயந்திரம் நேற்று மதியம் நிறுத்தப்பட்டது. அதன் இரைச்சலில் விழா மேடையில் பேச்சு கேட்கவில்லையாம்.

6. பட்டியலில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று நம்பும் பழக்கம், புத்தகங்களை எண்ணிப் பிழைக்கும் எனக்கும் உண்டு. ஆனால் புத்தகம் மூச்சு விடுவதில்லை. நான் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகியவள் அல்ல. இப்போது கேட்கிறேன்: முதலில் காற்று, பிறகு துளையிடும் இயந்திரம். பொறியாளர்மீதான விசாரணையைத் தாங்கள் வசதிப்படி வைத்துக்கொள்ளலாம்.

7. துளையிடும் இயந்திரத்தைத் திருப்பி எடுத்துச் செல்லக் கிளம்பிய லாரி ஆற்றுப்பாலத்தில் நிற்கிறது. பெண்கள் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். ஓட்டுநர் தோன் எலெயுத்தேரியோ இன்று காலையில் எங்களோடு சுரங்கத்துக்குள் வந்து குழாயில் காது வைத்துக் கேட்டார். திரும்பி வந்து எஞ்சினை அணைத்தார். "மேலிடத்து உத்தரவு இல்லாம இதை இறக்க முடியாது தாயி. ஆனா இங்கேருந்து கொண்டுபோகவும் என்னால முடியாது" என்றார். வேலை போகும் என்று தெரிந்தே சொன்னார். அவரால் முடிந்தது அவ்வளவு. மீதி தங்கள் கையெழுத்தில் இருக்கிறது.

இம்மனுவைக் கொண்டுவரும் பெண், தங்கள் பதிலை வாங்காமல் திரும்பமாட்டாள்.

இடம்: வில்யா கோல்கே ஆற்றுப்பாலம்
நாள்: 8 ஆகஸ்ட் 2019, காலை 11 மணி

இப்படிக்கு,
எவெலின் ஆயாவிரி
(உள்ளே உயிரோடிருக்கும் ரெய்னால்தோவின் தங்கை)